பதிவில் கேட்ட கச்சேரி

கச்சேரியை நேரில் கேட்பதே கேட்பது. பதிவில் கேட்பது ஆறிப்போன சோற்றை உண்பது போலத்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேரில் போக வாய்ப்பில்லாதவர்கள் என்ன செய்வது? 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது நான் மூன்றாம் வகுப்பு மாணவி. இராயபுரத்திலிருந்து கீழ்ப்பாக்கம் ஒன்றும் கடல் கடந்த நாடல்ல. ஆனால் எட்டு வயதுப் பெண்ணைக் கச்சேரிக்கு அழைத்துச் செல்வார் யார்? ஆகவே அந்தக் குழுவை நான் அறிந்ததெல்லாம் யூடியூபில் கிடைக்கும் மேடைப் பதிவுகளின் வழியாகத்தான். அதில் எனக்குக் குறையேதும் இல்லை என்றால், தோழியரே, நம்புவீர்களா?

அறியாதவர்களுக்குச் சில சொற்கள். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து பெயர் பிறந்தது. தொடக்கத்தில் குழுவில் 19 பேர். அவர்களுள் பெண் ஒருவரே. கானா, ராக், ராப் மூன்றும் கலந்த இசை. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டிறைச்சியைப் பற்றி ஒரு பாட்டு, அம்பேத்கரைப் பற்றி ஒரு பாட்டு. கோட்டும் சூட்டுமாக அவர்கள் நிற்பதைப் பார்த்தாலே அண்ணலின் படம் நினைவுக்கு வந்துவிடும்.

என்னைக் கவர்ந்தது உடையன்று. மின் கிதாருக்குப் பக்கத்தில் நின்ற சட்டியும் கட்ட மோளமும் பறையும்தான். எங்கள் பகுதியில் சட்டியை அறியாத பிள்ளை இல்லை. இரண்டு குச்சிகளால் அடிக்கும்போது சுள்ளென்று காதில் தைக்கும் ஒலி அது. அந்த ஒலி தெருமுனையில் கேட்டால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். முதல் முறை நான் பதிவை ஓடவிட்டபோது அடுப்படியிலிருந்த ஆயா, “யாரு வூட்லடி சாவு?” என்று கேட்டபடியே வெளியே வந்தார். கைப்பேசியைக் காட்டினேன். மேடையையும் விளக்குகளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சட்டிய இவ்ளோ பெரிய மேடையில வெச்சிருக்கானுங்களா!” என்றார். அதன்பின் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் குழம்பு பொங்கியதை நான்தான் போய் இறக்கி வைத்தேன்.

இதே குழுவின் பாடல்கள் ஒலிக்கூடத்தில் பதிவு செய்யப்பட்டும் வந்துள்ளன. அவை தெளிவானவை, ஒவ்வொரு சொல்லும் புரியும். எனினும் நான் தேடிப் போவது மேடைப் பதிவைத்தான். காரணம் கானாவின் இயல்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கானா, ஒருவர் பாடப் பிறர் வாய் மூடிக் கேட்கும் பாட்டன்று. பாடுகிறவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், சுற்றி இருப்பவர்களின் ‘ஆங்!’ என்ற ஒலியோ கைத்தட்டலோ விசிலோ வந்து விழ வேண்டும். அது விழுந்தால்தான் அடுத்த வரி கிளம்பும். தனி அறையில், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாடுபவருக்கு அந்தப் பதிலை யார் கொடுப்பார்?

மேடைப் பதிவில் தொல்லைகள் இல்லாமல் இல்லை. பாடகரின் மைக்கில் பக்கத்துச் சட்டியும் புகுந்துவிடும். பிறகு ஒன்றை மட்டும் குறைக்க நினைத்தாலும் இயலாது. கூட்டத்தின் ஒலியை எவ்வளவு வைப்பது என்பதும் பெரும் சிக்கல். பீட்டில்ஸ் குழு 1964-லும் 1965-லும் அமெரிக்காவின் ஹாலிவுட் பவுல் அரங்கில் பாடியவை பதிவு செய்யப்பட்டன. ஆனால் இரசிகைகளின் கூச்சலில் பாட்டே மூழ்கியதால், இசைத்தட்டு 1977-இல்தான் வெளிவந்தது. (நம் வயதுப் பெண்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஓர் இசைத்தட்டையே தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சிறிது பெருமை.) இதற்கு நேர்மாறாக, பிங்க் ஃபிளாய்டு குழு 1971 அக்டோபரில் இத்தாலியின் பாம்பேயி நகரத்துப் பழைய அரங்கில், கூட்டமே இல்லாமல் வாசித்துப் படமெடுத்தது. அழகுதான், ஆனால் ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிவதைப் பார்ப்பது போல எனக்குத் தோன்றும். ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் பாடிய பதிவில், ஒரு கொலையைச் சொல்லும் வரி முடிந்ததும் ஆரவாரம் எழும். அது அங்கே எழுந்ததே அல்ல. பின்னர் ஒலிக்கூடத்தில் ஒட்டப்பட்டதாம். இதைப் படித்த நாள் முதல் எந்த மேடைப் பதிவைக் கேட்டாலும், இந்தக் கைத்தட்டல் மெய்யா என்று என் செவி சோதித்துப் பார்க்கிறது. எங்கள் கானாக்காரர்களின் பதிவில் அந்த ஐயம் எனக்கு வருவதில்லை. எந்த இடத்தில் விசில் விழ வேண்டும் என்பது தெருவில் வளர்ந்தவர்களுக்கல்லவா தெரியும்?

அந்த ஒரே பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இசைவாணி, வட சென்னையில் வளர்ந்தவர். 2020-ஆம் ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றவர். ஆண்களே பாடிவந்த கானாவைப் பெண்குரல் பாடும்போது, குரலை இனிமையாக்க அவர் முயல்வதில்லை. நமக்கோ பாட்டுப் போட்டியில் முதல் விதி, ‘மென்மையாகப் பாடு’ என்பது! சட்டிக்கு மேலே எழ வேண்டிய குரல் மென்மையாக இருந்தால் எப்படி? ஆயாவும் இதைத்தான் கவனித்தார். “பொம்பள கானா பாடி நா பாத்ததில்ல. நாங்க உள்ள ஒப்பாரி வெப்போம், அவனுங்க வெளிய கானா பாடுவானுங்க” என்றார்.

உள்ளே ஒப்பாரி, வெளியே கானா. என் தாத்தா இறந்த இரவிலும் அப்படித்தான் இருந்ததாம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் அவர். அவர் நண்பர்கள் ஷாமியானாவின் கீழ் அமர்ந்து விடிய விடியப் பாடியிருக்கிறார்கள். துறைமுகத்து கிரேன்கள், அவருடைய பீடி, ஒருமுறை அவர் கால் வழுக்கிக் கடலில் விழுந்து எழுந்தது, எல்லாவற்றையும் அங்கேயே கட்டிப் பாடினார்களாம். நான் அப்போது கைக்குழந்தை. பதிவு செய்ய வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த நேரத்தில் எவர் செய்திருப்பார்? பாடியவர்களுள் இருவர் இன்று இல்லை. இருக்கிற ஒருவருக்கோ ஒரு வரியும் நினைவில்லை. “அன்னிக்கு வந்துச்சு, பாடினேன்” என்கிறார்.

கீழ்ப்பாக்கத்துக் கச்சேரியில் யாரோ ஒருவர் விசிலடித்ததுகூட இத்தனை ஆண்டுகளாகப் பத்திரமாக இருக்கிறது. தாத்தாவுக்காகப் பாடிய ஓர் இரவு முழுவதும் காற்றோடு போய்விட்டது. அதனால் சென்ற மாதம் ஆயாவிடம், அன்று உள்ளே அவர் வைத்த ஒப்பாரியையாவது பாடச் சொல்லி, கைப்பேசியை அவர் முன் வைத்தேன். ஆயா அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

“சாவு இல்லாத வூட்ல ஒப்பாரி பாடக் கூடாதுடி.”

“அப்புறம் எப்பத்தான் ஆயா பாடுவ?”

அவர் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, இசைவாணியின் பாட்டைப் போடச் சொன்னார். ஒலியைக் கூட்டி வைக்கவும் சொன்னார்.