கணக்கில் வராதவள்

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரைக்குக் கூட்டம் கூடும்போதெல்லாம் எனக்கு ஒரு கிணறுதான் நினைவுக்கு வருகிறது. 2017 ஜனவரியில், இதே அரியலூர் மாவட்டத்தில், செந்துறை வட்டாரத்துக் கிணறொன்றிலிருந்து ஒரு தலித் சிறுமியின் உடலை எடுத்தார்கள். அவள் கர்ப்பமாக இருந்ததாகச் செய்திகள் சொல்லின.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள் தோழர்களே. தமிழ்நாட்டில் 15-19 வயதில் தாயானவர்களும் கர்ப்பமானவர்களும் 2015-16இல் 5 சதவீதம், 2019-21இல் 6.3. இந்திய அளவில் 7.9இலிருந்து 6.8ஆகக் குறைந்திருக்கிறது. சட்டப்படி மணமான 18, 19 வயதினரும் இதில் உண்டு.

உடனே "செல்போன்தான் கெடுத்தது" என்கிறார்கள். படிப்பு ஏற ஏற இந்த எண்ணிக்கை குறைவதை அதே கணக்கெடுப்பு காட்டுகிறது. அப்படியானால் கேள்வி செல்போன் பற்றியதல்ல. பத்தாவதோடு யார் நிற்கிறாள், ஏன் நிற்கிறாள் என்பதுதான். "நாலு பேர் பேசுமுன் கட்டிக்கொடுத்துவிடுவோம்" என்ற பயம் சேரியில் எங்கிருந்து வருகிறது? நம் பெண்ணைத் தொட்டவனைக் கேட்க நாதியில்லை என்ற அனுபவத்திலிருந்து.

போக்சோ வழக்காகிவிடும் என்றஞ்சி ஆஸ்பத்திரிக்கே போகாத சிறுமிகள் உண்டு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தகவல் தரும்போது மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை எத்தனை தெருக்களில் நாம் சொல்லியிருக்கிறோம்?

கணக்கெடுப்பவர்கள் உயிரோடிருப்பவர்களைத்தான் கேட்பார்கள். அந்தக் கிணற்றில் கிடந்தவள் எந்தச் சதவீதத்திலும் இல்லை. அவளையும் சேர்த்து எண்ணுவது நம் வேலை.