மூட மூட முளைத்த சாளரம்

கடல்நீர் சில வாரங்கள் இயல்பை மீறிச் சூடாக இருந்தால், பவளம் தன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. அந்தமான் கடலில் 2010இலும் 2016இலும் இத்தகைய வெளிறல் பெருமளவில் நேர்ந்தது. கோடையின் உச்சத்தில் இதை அளந்தாக வேண்டும்; மே மூன்றாம் வாரத்தையொட்டித் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் கடல் கலங்கிவிடும். போர்ட் பிளேரில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த மாணவி ஒருத்திக்கு அந்த ஆண்டின் மே மாதம் மிகக் குறுகியதாக இருந்தது.

அவளுக்காக நீல் தீவில் (இன்றைய பெயர் ஷாகித் துவீப்) முக்குளித்துப் படமெடுத்தவர், ஐம்பதைக் கடந்த தமிழர். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பவளத்தின்மீது வைத்து ஒரு படம். சட்டத்தை நகர்த்தி அடுத்த படம். ஒவ்வொன்றிலும் வெளிறிய பரப்பு எத்தனை விழுக்காடு என்பதை அவள் எழுதிய பைதான் நிரல் கணக்கிடும். கணக்கு அன்றிரவே தீவில் முடிந்தால்தான், தெளிவில்லாத படங்களுக்காக மறுநாள் அதே இடத்தில் மீண்டும் இறங்க முடியும். அவருடைய மடிக்கணினியில் பைதான் இல்லை. ஆகவே நிரலைப் பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒற்றை இஎக்ஸ்இ கோப்பாக்கி, பென் டிரைவில் இட்டு, கப்பலில் சென்ற ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். ஒரு சாளரம், இரண்டு பொத்தான்கள்: கோப்புறையைத் தேர்வு செய்ய ஒன்று, தொடங்க ஒன்று.

மறுநாள் தொலைபேசி வந்தது. “ஹேங் ஆகுதும்மா. மூடுனா இன்னொண்ணு வருது.”

“ரெண்டு தடவை அமுக்கியிருப்பீங்கண்ணே. ஒரு தடவை மட்டும் அமுக்கிட்டுக் காத்திருங்க.”

அவர் காத்திருந்தார். பல இரவுகள். அவளோ போர்ட் பிளேரில் தன்னால் இயன்ற சோதனைகளையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். லினக்ஸில் 200 படங்களுக்கும் நிரல் ஓடியது. விண்டோஸில் பைதான் வழியாக இயக்கியபோதும் ஓடியது. இஎக்ஸ்இ கோப்பும் ஐந்து படங்களை நொடியில் முடித்தது. பிழை தன் நிரலில் இல்லை என்று நம்ப அவளுக்கு இதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. பத்துப் படங்களுக்கு மேல் இருந்தால் மட்டும் வேலையைப் பல செயல்முறைகளுக்குப் பகிரும்படி எழுதியவளும் அவளே. ஐந்து படச் சோதனை அந்த வரிகளை எட்டவே இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

கடைசியில் அவளே கப்பலேறினாள். அவர் வீட்டுத் திண்ணையில் ‘தொடங்கு’ பொத்தானை அழுத்தினார், ஒரே முறை. சாளரம் வெளிறி, விண்டோஸ் அதைப் பதிலளிக்காத நிரல் என்று அறிவித்தது. அதன்மேல் அதே போன்ற மூன்று சாளரங்கள் திறந்தன. அவர் ஒன்றை மூடினார், இன்னொன்று முளைத்தது. “இதத்தான் சொன்னேன்” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது.

காரணம் எளியது. லினக்ஸ் வழக்கமாக, ஓடும் செயல்முறையை அப்படியே நகலெடுத்துத் துணைச் செயல்முறையை உருவாக்கிவந்தது. விண்டோஸில் அந்த வழி இல்லை. பைதான் மொழிபெயர்ப்பியைப் புதிதாகத் தொடங்கி, இன்ன வேலையைச் செய் என்று குறிப்புக் கொடுக்க வேண்டும். பொதியாக்கிய கோப்பில் தனிப் பைதான் ஏது? ‘மொழிபெயர்ப்பி’ என்று அழைக்கப்படுவது அந்த இஎக்ஸ்இயே. அது குறிப்பைப் படிக்காமல், யாரோ தன்னைச் சொடுக்கியதாகவே எண்ணிச் சாளரத்தைத் திறக்கிறது. தாய்ச் செயல்முறை விடைக்காகக் காத்திருக்கிறது. பிள்ளை பொத்தான் அழுத்தப்படுவதற்காகக் காத்திருக்கிறது. பிள்ளையை மூடினால், பணியாள் ஒருவர் குறைந்துவிட்டதாகக் கருதி மல்டிபிராசசிங் பூல் மாற்றாள் அனுப்புகிறது. அவர் முதல் நாள் சொன்ன இரண்டாம் வாக்கியம் முழு நோயறிதல்.

பைதான் உலகில் இவ்வாறு பொதியாக்குவதற்கே ‘உறையவைத்தல்’ என்றுதான் பெயர். மருந்தின் பெயரிலும் அது உண்டு: ‘ஃப்ரீஸ் சப்போர்ட்’ என்னும் செயற்கூற்றை, முதன்மைப் பகுதியின் முதல் வரியாக, சாளரம் திறப்பதற்கு முன்பே அழைக்க வேண்டும். துணையாகத் தொடங்கப்பட்ட கோப்பு அங்கேயே தன் குறிப்பைப் படித்து வேலைக்குப் போய்விடும். அவள் அதைச் சேர்த்தாள். கணக்கீடு முதன்மை இழையை முடக்கியதும் தவறுதான். அதைத் தனி இழைக்கு மாற்றி, விடைகளை வரிசையில் இட்டுச் சாளரம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்படி செய்தாள். கையோடு கொண்டுவந்த விண்டோஸ் கணினியில் மீண்டும் பொதியாக்கினாள்.

அது முடியும்வரை அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். நிரல் ஓடாத இரவுகளில் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் மதிப்பிட்டுப் படத்தின் எண்ணையும் விழுக்காட்டையும் எழுதிவைத்திருந்தார். கணினியைத் தான் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாராம்.

புதிய கோப்பு ஓடியது. ஒரே சாளரம். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாதி வழியில் அவர் திரையைத் தொட்டார்.

“இது வெளிறல் இல்லம்மா. மணல்.”

அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அந்தப் படத்தின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.