எனக்கு அப்புறம்?

கடவுளிடம் நாம் என்னென்னவோ வேண்டிக்கொள்கிறோம். பையனுக்கு நல்ல வேலை, பெண்ணுக்கு நல்ல இடம், நமக்கு நோய் நொடி இல்லாத கடைசிக் காலம். 'என் பிள்ளை எனக்கு முன்னாடி போயிடணும்' என்று வேண்டிக்கொள்ளும் தாயைப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். சென்னையில் ஒரு சிறப்புப் பள்ளியின் வாசல் பெஞ்சில் தினமும் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருப்பார். பையனுக்கு 24 வயது. சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. தலைவலி என்றால் சொல்லத் தெரியாது, சுவரில் முட்டிக்கொள்வான். "சாபம் இல்ல சார், வேண்டுதல்தான்" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். "நான் இருக்கற வரைக்கும் ஒரு பிரச்னையும் இல்ல. எனக்கு அப்புறம்?"

பேட்டி எடுக்கப் போய் இதே கேள்வியை எத்தனையோ பெற்றோரிடம் கேட்டுவிட்டேன். இந்தியாவில் இந்தக் குழந்தைகளுக்கென்று இருக்கும் வசதிகளைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரு அம்மாவோ அப்பாவோ இருப்பார்.

மும்பையில் 1972-ல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கிய மித்து ஆலூர், மூளை முடக்குவாதம் உள்ள மாலினியின் அம்மா. அந்த மாலினி பின்னாளில் புத்தகம் எழுதினார். 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா' படத்துக்குத் தூண்டுதலே அவர்தான். நம் கோட்டூர்புரத்தில் இருக்கிற 'வித்யா சாகர்' 1985-ல் பிறந்தது. தொடங்கிய பூனம் நடராஜனும் ஒரு அம்மா. டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பை உருவாக்கிய மெர்ரி பரூவாவும் அப்படியே. பிள்ளையைச் சேர்க்க இடம் தேடினார்கள். சரியான இடம் இல்லை. சரி, நாமே ஆரம்பிப்போம் என்று இறங்கிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் கட்டினாலும் பிள்ளை ஒருநாள் வளர்ந்துவிடுமே, பிறகு? பெற்றோர் சங்கங்கள் ஊர் ஊராக முளைத்தன. 1995-ல் எல்லாம் சேர்ந்து 'பரிவார்' என்ற தேசியக் கூட்டமைப்பு ஆனது. அதே வருடம் வந்த மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. ஆட்டிசம் என்ற வார்த்தையே இல்லை. பெற்றோர் விடவில்லை. டெல்லிக்கு நடையாய் நடந்தார்கள். 1999 டிசம்பரில் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தனியாக ஒரு சட்டம். பெற்றோர் இறந்த பிறகு இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வழி செய்வதும் டிரஸ்ட்டின் வேலை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வாசல் பெஞ்சின் கேள்வி அரசிதழில் அச்சாகிவிட்டது!

அந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான சங்கதி கார்டியன் விஷயம். உங்கள் பிள்ளைக்கு 18 வயது ஆனால் கேக் வெட்டுவீர்கள். இந்தப் பெற்றோருக்கு அன்றைக்குத்தான் அடுத்த அலைச்சல் தொடங்குகிறது. அதுவரை நீங்கள் இயற்கையான கார்டியன். 18 முடிந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் பையன் மேஜர். அவன் பெயரில் இருக்கும் டெபாசிட்டை எடுக்கப் போனால், "அவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்பார்கள். பேனா பிடிக்கத் தெரியாத பிள்ளை! இந்தச் சட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு உண்டு. கலெக்டர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத் திறனாளி. கோர்ட் படி ஏறாமல் அங்கேயே மனு கொடுத்து கார்டியன் சான்றிதழ் வாங்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாத பெற்றோர் இன்னும் உண்டு. உங்களுக்குத் தெரிந்த வீடு இருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள். 'நிராமயா' என்று இந்த டிரஸ்ட் நடத்தும் மருத்துவக் காப்பீடு பற்றியும் சொல்லுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை. சேரும்போது மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை.

இனி பணம். பி.காம். படித்தவன் என்பதால் என் கண் தானாக அங்கேதான் போகும்.

நேஷனல் டிரஸ்ட்டின் மூலதனமாக மத்திய அரசு ஒரே தடவையாக 100 கோடி ரூபாய் தரும் என்கிறது சட்டம். முதலைத் தொடக்கூடாது, வட்டியில் வண்டி ஓடவேண்டும். 7 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 7 கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 15 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள். தலைக்கு 47 ரூபாய். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. திட்டங்களுக்கு அரசு தனியாக மானியம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் சென்னையில் ஒரு ஸ்பீச் தெரபி சிட்டிங்குக்கே சில நூறு ரூபாய் எடுத்துவைக்க வேண்டும்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள மாற்றுத் திறனாளிக்கான பென்ஷனில் மத்திய அரசின் பங்கு 2012-ல் மாதம் 200 ரூபாயிலிருந்து 300 ஆனது. அதன்பின் பத்து வருடங்களுக்கு மேல் அதே 300. விலைவாசி மட்டும் அங்கேயே நின்றதா? தமிழக அரசு தன் பராமரிப்பு உதவித்தொகையைச் சில ஆண்டுகளுக்கு முன் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கியது. பாராட்டலாம். அதற்காக எத்தனை மனு, எத்தனை தர்ணா என்பதையும் மறக்கக்கூடாது.

வருமான வரியில் 80டிடி என்று ஒரு பிரிவைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாற்றுத் திறனாளியைப் பராமரிப்பவருக்கு 75,000 ரூபாய் கழிவு, கடுமையான குறைபாடு என்றால் 1,25,000. பிள்ளைக்காக இன்ஷூரன்ஸ் திட்டத்தில் பணம் கட்டினாலும் இதில் வரும். ஆனால் முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. கட்டிய பெற்றோர் இறந்த பிறகுதான் பிள்ளைக்குப் பணம் வரவேண்டும். அப்பா ரிட்டயராகி, சம்பளம் நின்று, பிள்ளையின் மருந்துக்குத் திண்டாடினாலும் கிடைக்காது. அவர் செத்தால் கிடைக்கும்! இதை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2019 ஜனவரியில் வந்த தீர்ப்பில் அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அரசு இதைக் கவனிக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொல்லிவைத்தார்கள். 2022 பட்ஜெட்டில் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோருக்கு 60 வயதாகிவிட்டால் அவர் உயிரோடு இருக்கும்போதே பணம் வரலாம். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இன்னொன்று. 2023-லிருந்து இயல்பாகிவிட்ட புதிய வரிமுறையில் இந்தக் கழிவே கிடையாது. வேண்டுமானால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்குப் பதிவியலில் ஒரு பாலபாடம் உண்டு. வரலாம், வராமலும் போகலாம் என்ற செலவை அடிக்குறிப்பில் போடலாம். வந்தே தீரும், தேதிதான் தெரியாது என்றால் அதற்கு இன்றைக்கே 'புரொவிஷன்' எடுத்துவைக்க வேண்டும். பெற்றோர் இறப்பது எந்த ரகம்? நம் அரசாங்கங்களின் பட்ஜெட்டில் அது இன்னும் அடிக்குறிப்பாகத்தான் இருக்கிறது.

நாம் மட்டும் என்ன? பிறந்தநாளுக்கு இந்தப் பள்ளிகளில் சாப்பாடு போடுகிறோம். நல்ல காரியம்தான். ஒரு பள்ளி நிர்வாகி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், வடை பாயசத்துக்கு ஸ்பான்சர் க்யூவில நிக்கறாங்க. தெரபிஸ்ட் சம்பளத்துக்கு ஒருத்தர்கூட வர்றதில்ல." பாயசத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். சம்பள வவுச்சரோடு எடுக்க முடியாதே! அடுத்த பிறந்தநாளுக்குப் பள்ளிக்கு போன் செய்யும்போது, "உங்களுக்கு என்ன தேவை?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அதேபோல ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் ரோடு கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள். கூடவே, "அப்பா அம்மா காலமான பிறகு இவங்க தங்கறதுக்கு நம்ம மாவட்டத்துல எத்தனை இடம் சார் இருக்கு?" என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இல்லாவிட்டாலும் கேளுங்கள். ஐம்பது வருடமாக இதைப் பெற்றோர் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.