வகுப்பேற்றம்

பரீட்சை மண்டபத்தில் அருகருகே அமர்ந்தோரின் விடைகள் ஒன்றுபோலிருப்பின் இருவரும் ஐயத்திற்குரியவராவர். எவன் எவனைப் பார்த்து எழுதினான் என்று துணிதல் இயலாது. எழுதிக்கொண்டிருப்பவன் இடையில் வெளியே செல்ல நேர்ந்தால், அதுவரை எழுதியதை மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தே செல்லவேண்டும். கையளித்த தாள் திருத்தத்திற்காகத் திரும்பக் கிடைக்காது. இன்றைய பரீட்சைத் திணைக்களத்தின் அறிவுறுத்தல்களென மயங்கத்தக்க இவ்விதிகள், 1599 ஆம் ஆண்டு சனவரி 8 ஆம் நாள் யேசு சபை தன் கல்லூரிகளுக்கென வெளியிட்ட ‘ராசியோ ஸ்தூடியோரும்’ என்னும் இலத்தீன் விதிநூலில் உள்ளவை. கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலை என்ற அமைப்பின் பழக்கவழக்கங்களுட் பல அந்நூலிலிருந்தே கிளைத்தன.

சிசிலித் தீவின் மெசினா நகரில் 1548 இல் பொதுமாணாக்கருக்கெனத் தொடங்கிய பள்ளிகள் அரை நூற்றாண்டில் இருநூறுக்கு மேற்பட்டனவாகப் பெருகியிருந்தன. ஊருக்கொரு முறை நிலவியதைச் சபைத் தலைவர் குளோதியோ அக்குவாவீவா விரும்பவில்லை. 1586 இலும் 1591 இலும் வெளிவந்த வரைவுகள் ஆசிரியர்களின் பார்வைக்கு அனுப்பப்பட்டு, அவர்தம் முறைப்பாடுகள் கேட்கப்பட்ட பின்னரே மூன்றாம் வடிவம் சட்டமாயிற்று. வகுப்பறையில் நிற்பவரைக் கேட்டுக் கல்விச் சட்டம் இயற்றும் வழக்கம் பிற்காலத்தில் அருகியே காணப்படுகின்றது.

கீழ்நிலைக் கல்வி ஐந்து வகுப்புக்களாக அமைந்தது: இலக்கணம் மூன்று, அதன்மேல் இலக்கியம், அதன்மேல் அணியியல். ஏழையென்றோ இழிந்த குடியினன் என்றோ எவனையும் மறுத்தலாகாது என விதி கூறிற்று, கட்டணமும் அறவிடப்படவில்லை. ஆனால் உள்ளே வந்தவன் மேலே ஏறுவது எளிதன்று. ஆண்டுக்கொரு முறை, நீண்ட விடுமுறையின் பின்னர், வகுப்பேற்றம் நடைபெறும். இலக்கிய வகுப்பினர் வசனத்திலன்றிச் செய்யுளிலும், சில நாள் கழித்துக் கிரேக்கத்திலும் எழுதவேண்டும். பின்னர் மூன்று பரீட்சகர் முன்னிலையில் தன் கட்டுரையை வாசித்து, அதிலுள்ள பிழையைத் தானே திருத்தி, எந்த விதி மீறப்பட்டது என்று சொல்லவேண்டும். அம்மூவருள் ஒருவர் பள்ளி மேற்பார்வையாளர். ஏனைய இருவரும் இயலுமாயின் அங்கு கற்பிக்கும் ஆசிரியராக இருத்தலாகாது. பெரும்பான்மையே தீர்ப்பு.

ஆசிரியரின் குரல் வேறொரு வழியில் வந்து சேர்ந்தது. அவர் தம் மாணாக்கரை ஆறு தரமாக வகுத்து ஒரு பட்டியலைப் பரீட்சகரிடம் கொடுக்கவேண்டும்: மிகச் சிறந்தவர், நல்லவர், நடுத்தரத்தினர், ஐயத்திற்குரியவர், அவ்வகுப்பிலேயே நிறுத்தப்படவேண்டியவர், நீக்கப்படவேண்டியவர். ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் இலக்கம். முதல் மூன்று தரத்தினரைப் பற்றி விதிநூல் அதிகம் பேசவில்லை, பேசவேண்டியதும் இல்லை. அதன் சிந்தனை முழுவதும் நான்காம் இலக்கத்திலேயே தங்குகின்றது. ஐயம் எழுமிடத்து அம்மாணாக்கனின் அன்றாட எழுத்துவேலைகளை எடுத்துப் பார்க்கவேண்டும். மீண்டும் எழுதச் செய்து, மீண்டும் வாய்மொழியாக வினவலாம். அவனுடைய வயது, அவ்வகுப்பிற் கழித்த காலம், இயல்பான திறமை, ஊக்கம் ஆகியன கணக்கில் வரும். தகுதி சற்றே குறைந்தும் இக்காரணங்களால் ஏற்றப்படுபவன் ஒரு நிபந்தனையுடனேயே ஏற்றப்படுவான்: புதிய ஆசிரியருக்கு அவன் உழைப்பு நிறைவளிக்காவிடின் பழைய வகுப்புக்கே திரும்பவேண்டும். வெளிப்படையாகத் தகுதியற்றவனுக்கோ எவருடைய மன்றாட்டமும் செல்லாது. செல்வந்தரும் பிரபுக்களும் புரவலராயிருந்த கல்லூரிகளில் இவ்வாறு எழுதிவைத்தமைக்குத் துணிவு வேண்டியிருந்திருக்கும்.

ஆறாம் இலக்கத்தின் கதை துயரமானது. மேலேற்றவும் இயலாது, இருந்த இடத்திலிருந்தும் பயனில்லை எனக் கண்ட பிள்ளையின் பெற்றோருக்கு அதனைப் பண்பாக அறிவித்து, அவன் இடத்தை விடுவிக்கவேண்டும் என்கின்றது விதி. ‘பண்பாக’ என்ற அச்சொல் எத்தனையோ வீட்டு வாசல்களில் தடுமாறியிருக்கும்.

இம்முறையில் ‘பாடசாலைப் பட்டம்’ என ஒன்று இருக்கவில்லை என்பதும் குறிப்பிடற்பாலது. அணியியல் முடித்தவன் மெய்யியலுக்குச் சென்றான், அல்லது உலகத்துக்குச் சென்றான். கல்வி முடிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் தேவை அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேதான் இப்பள்ளிகளை நெருக்கியது. அங்கு யேசு சபைக் கல்லூரிகள் பள்ளியையும் பல்கலைக்கழகத்தையும் பிரிக்காது ஏழாண்டுத் தொடராக நடத்திவந்தன. 1899 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத் தலைவர் சார்ள்ஸ் எலியற், பாடங்களைத் தெரிவுசெய்யும் உரிமையை மாணாக்கருக்கு வழங்காத கல்விமுறைக்கு இரண்டு உதாரணங்கள் காட்டினார்: ஒன்று, இசுலாமிய நாடுகளிற் குர்ஆனைக் கொண்டு அமைந்த கல்வி, மற்றையது, நூற்றாண்டுகளாக ஏறக்குறைய மாறாதிருந்த யேசு சபைப் பாடத்திட்டம். மறு ஆண்டில் திமொதி புறொஸ்னஹன் என்னும் சபைக் குரு அதற்குக் கூரிய மறுப்பு எழுதினார். வாதத்தில் அவரே வென்றார் என இன்று படிப்போருக்குத் தோன்றலாம். அமைப்பில் வென்றவர் எலியற். அடுத்த சில பத்தாண்டுகளில் ஏழாண்டுத் தொடர் உடைந்து, நான்காண்டு உயர்நிலைப் பாடசாலையாகவும் நான்காண்டுக் கல்லூரியாகவும் பிரிந்தது.

பிரிந்தபின் ஓர் அளவுகோல் வேண்டியதாயிற்று. அதனைத் தந்தது ஓய்வூதியத் திட்டமொன்று. 1905 இல் கார்னகி நிறுவிய அறநிதி, பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குமுன், அவர்கள் பணியாற்றும் கல்லூரி தன் புகுமுக மாணாக்கரிடம் எவ்வளவு பள்ளிக்கல்வியை வேண்டிற்று என வினவியது. அவ்வினாவிலிருந்து பிறந்ததே ‘கார்னகி அலகு’: ஒரு பாடத்தில் ஓராண்டுக்கு 120 மணித்தியாலம் ஓர் அலகு. சமயச் சார்புடைய நிறுவனங்களை அவ்வறநிதி ஓய்வூதியத்திலிருந்து விலக்கி வைத்தது. எனினும் அதன் அலகு கத்தோலிக்கப் பாடசாலைகளிலும் புகுந்து நிலைத்தது. மூன்று பரீட்சகர் முன் நின்று தன் பிழையைத் தானே விளக்கிய மாணாக்கனின் இடத்தில், இத்தனை மணித்தியாலம் அமர்ந்திருந்தான் என்ற கணக்கு வந்து அமர்ந்தது. வகுப்பேற்றம் முழு மனிதனைப் பற்றிய தீர்ப்பாயிருந்த நிலை மாறிப் பாடந்தோறும் சேர்க்கும் கூட்டுத்தொகையாயிற்று. இதனால் ஒரு நன்மையும் விளைந்தது: ஒரு பாடத்தில் தவறியவன் ஆண்டு முழுவதையும் இழக்கவேண்டியதில்லை, கோடை விடுமுறையில் அதை மட்டும் மீளப் படிக்கலாம். ஆறாம் இலக்கத்துப் பிள்ளைக்கு அலகுமுறை பழைய விதிநூலைவிட இரக்கமுடையது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. அப்பாடசாலைகள் பெரும்பாலானவற்றில் ஆங்கிலம், கணிதம் போலச் சமயபாடமும் நான்காண்டும் கட்டாயம். அதில் அலகு குறைந்தால் பட்டம் இல்லை. படிப்போருட் கணிசமானோர் கத்தோலிக்கர் அல்லர். பாடம் அறிவைச் சோதிக்கின்றதேயன்றி விசுவாசத்தை அன்று என ஆசிரியர் விளக்குவர். அவ்விளக்கம் நேர்மையானதே. ஆயினும் நன்றாக நம்புபவன் குறைந்த புள்ளி பெறுவதும், எதையும் நம்பாதவன் முதலிடம் பெறுவதும் நிகழும்போது, அப்புள்ளி எதனை அளந்தது என்ற வினா எழாமற் போகாது. பழைய விதிநூல் மறைக்கல்வியை வாரத்திற் சிறுபொழுதுக்கு மட்டுப்படுத்தி, எஞ்சியதை வழிபாட்டுக்கும் ஆசிரியரின் நடத்தைக்கும் விட்டிருந்தது.

இதனினும் கடினமான வினா 1973 இல் எழுந்தது. அவ்வாண்டு யூலை 31 இல் இசுப்பெயினின் வலென்சியா நகரிற் கூடிய பழைய மாணாக்கரிடம், சபைத் தலைவர் பேத்ரோ அர்ரூப்பே, எங்கள் பள்ளிகள் உங்களை நீதிக்காகப் பயிற்றினவா என்று கேட்டு, இல்லை என்று தாமே விடையும் கூறினார். கேட்டிருந்தோர் பலர் மனம் புண்பட்டனர். பிறருக்காக வாழும் மனிதரை ஆக்குவதே நோக்கம் என்ற அவர் கருத்து அமெரிக்கப் பள்ளிகளைச் சென்றடைந்தது. 1980களின் தொடக்கத்தில், பட்டம் பெறுபவன் எத்தகையவனாயிருத்தல் வேண்டும் என அங்குள்ள யேசு சபைப் பாடசாலைகள் ஐந்து பண்புகளை வகுத்துக்கொண்டன: வளர்ச்சிக்குத் திறந்த மனம், அறிவுத் திறம், சமய உணர்வு, அன்பு, நீதி செய்யும் உறுதி. நடைமுறையில் இவற்றுட் கடைசியது சேவை மணித்தியாலமாக உருமாறியது. முதியோர் இல்லத்திலோ அன்னதான மண்டபத்திலோ இத்தனை மணித்தியாலம் பணிபுரிந்ததாகக் கையொப்பம் பெற்று வராதவனுக்குப் பட்டம் நிறுத்திவைக்கப்படும். அன்பும் அலகாயிற்று. கட்டாயத்தாற் போனவன் அங்கே ஒரு முதியவரின் கையைப் பிடிக்க நேர்ந்து மாறிவிடுவதும் உண்டு. ஆகவே இவ்விதியை எள்ளி நகையாடுவது எளிது, நீக்குவது எளிதன்று.

இந்நாட்டு வாசகருக்கு இவ்விவகாரம் முற்றிலும் அந்நியமானதன்று. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்க யேசு சபையினர் மட்டக்களப்பிற் பல்லாண்டு கற்பித்தனர். ஆனால் இங்கு அவர்களின் பள்ளி, பட்டம் எதனையும் தானாக வழங்கியதில்லை. முன்னர் கேம்பிறிட்ஜும் இலண்டனும், பின்னர் கொழும்பும் தாளைத் திருத்தின. சமயம் இன்றும் க.பொ.த. சாதாரண தரத்திற் கட்டாய பாடமே. அங்குள்ள மாணாக்கன் பிறர் சமயத்தைப் படித்துச் சித்தியடைகின்றான்; இங்குள்ளவன் தன் சமயத்தைப் படித்துச் சித்தியடைகின்றான், சிலவேளை தவறுகின்றான். சைவத்தில் தவறிய ஒரு சைவப் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைப் பார்த்த தந்தை என்ன நினைப்பார் என்பதை எந்தத் திணைக்களமும் கேட்டதில்லை. ஐயத்திற்குரியவனின் அன்றாட எழுத்துவேலைகளை வருவித்துப் பார்க்கும் மூன்று பரீட்சகரும் இங்கில்லை. சுட்டெண் மட்டுமே உண்டு.