குறுநாட்டு இளவரசன்

மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் எங்கள் ஊர். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் வந்தவர்கள் ராசிங்காபுரத்தைக் கண்டிருப்பர். கதிரவன் எழுமுன்பே இங்கு ஜீப்புகள் எழுந்துவிடும். ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் நெருக்கியடித்து ஏறி அமர்வர். வண்டி போடிமெட்டின் வளைவுகளில் ஏறி மறையும். இருட்டும் வேளையில் இறங்கி வரும். அந்தப் பெண்களில் ஒருத்தி என் அக்காள். அவள் மலையேறிச் சென்ற பின்னர், வெளுத்த சட்டை அணிந்து, கையில் நிலப்படச் சுருளை ஏந்திப் பள்ளிக்குச் செல்பவன் நான்.

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் கலைப் பட்டம் பெற்றவன். இந்த இரண்டு வரிகளையும் அருகருகே எழுதிப் பார்க்க எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. எழுத வைத்தது ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு சின்னஞ்சிறு நாடு என்றால் நம்புவீர்களா?

பத்தாம் வகுப்பில் அன்று உலகப் படத்தை விரித்திருந்தேன். கடற்கரை இல்லாத நாடுகளைப் பற்றிய பாடம். அத்தகைய நாடுகள் பல உண்டு. ஆனால், தனக்கும் கடல் இல்லை, தன்னைச் சூழ்ந்த நாடுகளுக்கும் கடல் இல்லை என்ற நிலையில் உள்ளவை உலகில் இரண்டே. ஒன்று உஸ்பெகிஸ்தான். மற்றொன்று லீக்டன்ஸ்டைன். ஒருபுறம் சுவிட்சர்லாந்து, மறுபுறம் ஆஸ்திரியா. மேற்கெல்லையில் ரைன் ஆறு. கிழக்கே பனி மூடிய மலை. பரப்பு 160 சதுரக் கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். பேசும் மொழி ஜெர்மன். ஊராட்சிகள் 11. தலைநகர் வாடுஸ், அந்நகருக்கு மேலே, பாறை முகட்டில், இளவரசரின் கோட்டை.

"அந்த மலை நம்ம மலையைவிட உசரமா சார்?" என்று கேட்டான் ஒரு மாணவன். அங்குள்ள உயர்ந்த சிகரம் கிராவ்ஸ்பிட்ஸ், 2,599 மீட்டர். நம் மலைகளுக்கு அப்பால், மூணாற்றுப் பக்கம் நிற்கும் ஆனைமுடியோ 2,695 மீட்டர். வகுப்பு மகிழ்ந்து ஆரவாரித்தது. ஆல்ப்ஸை வென்றுவிட்ட பெருமிதம் அவர்களுக்கு!

அந்நாடு பிறந்த கதையைச் சொன்னேன். லீக்டன்ஸ்டைன் என்பது ஊரின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். பேரரசின் அவையில் இருக்கை வேண்டும். அதற்குப் பேரரசருக்கு நேரே கட்டுப்பட்ட நிலம் வேண்டும். எனவே, 1699இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712இல் வாடுஸையும் அக்குடும்பம் விலைக்கு வாங்கிற்று. 1719இல் இரண்டும் இணைந்து ஒரு நாடாயிற்று. வாங்கியவர்கள் அங்கு வாழ்ந்தார்களா? இல்லை. வியன்னாவின் மாளிகைகளில் வாழ்ந்தார்கள். 1938இல்தான் ஓர் இளவரசர் வாடுஸ் கோட்டையில் நிலையாகக் குடியேறினார். மக்களோடு வாழாமலே இருநூறு ஆண்டுகள் மன்னராக இருக்க முடிந்திருக்கிறது!

ஆயினும் அங்கு நடப்பது முடியாட்சி மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். 1868இல் படையைக் கலைத்தார்கள், இன்றுவரை படையில்லை. 1921இல் அரசியல் சட்டம் வகுத்தார்கள். மன்றத்தில் 25 உறுப்பினர்கள். மக்கள் கையொப்பம் திரட்டி ஒரு சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விடலாம். 2003இல் திருத்திய சட்டத்தின்படி, ஓர் ஊராட்சி நாட்டைவிட்டே பிரிந்து செல்லவும் வாக்கெடுப்பு நடத்தலாம். அதே திருத்தம் இளவரசரின் அதிகாரத்தை வளர்க்கவும் செய்தது. மக்கள் நிறைவேற்றியதை மறுத்திடும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமையைக் குறைக்கலாமா என்று 2012இல் கேட்டபோது, வாக்களித்தோரில் நூற்றுக்கு 76 பேர் வேண்டாம் என்றனர். மன்னரையும் விடார், மன்றத்தையும் விடார், விந்தையான மக்கள்!

"நம்ம போடி ஜமீன் மாதிரியா சார்?" என்றான் பின்வரிசைப் பையன்.

நல்ல கேள்வி. ஜமீன்தார் வரி தண்டியவர். நிலத்தின்மேல் அதிகாரம் செலுத்தியவர். ஆயினும் தமக்கெனச் சட்டம் இயற்றவோ, நாணயம் அடிக்கவோ அவருக்கு உரிமை இல்லை. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த முறையும் முடிந்தது. லீக்டன்ஸ்டைனுக்கு இணை தேட வேண்டுமானால் போடிக்கு அல்ல, புதுக்கோட்டைக்குப் போக வேண்டும் என்றேன்.

தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் என ஆங்கிலேயர் ஆண்ட மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, நடுவே ஒரு தனியரசு. பரப்பு ஏறத்தாழ 1,178 சதுர மைல். லீக்டன்ஸ்டைன் போலப் பத்தொன்பது நாடுகள் அதற்குள் அடங்கும். 1941இல் மக்கள் நான்கு இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேல். கடல் கிழக்கே மிக அருகில். ஆனால் அந்த அரசுக்குக் கடற்கரை ஒரு சாண்கூட இல்லை. வற்றாத ஆறும் இல்லை. வெள்ளாறு மழை பெய்தால் ஓடும். ஏரிகளும் கண்மாய்களுமே உயிர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், சேதுபதி மன்னரின் ஆதரவோடு எழுந்தது தொண்டைமான் ஆட்சி. அவர்களுக்கெனச் சொந்த நாணயம் உண்டு: ஒருபுறம் பிரகதாம்பாள் உருவம், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல் பொறித்த அம்மன் காசு. லீக்டன்ஸ்டைனிலோ 1924 முதல் புழங்குவது சுவிட்சர்லாந்தின் பணம்! 1902இல் மக்கள் பிரதிநிதிகளின் சபை ஒன்று புதுக்கோட்டையில் அமைந்தது. 1924இல் சட்டமன்றம் வந்தது. அங்கே பேசலாம், கேட்கலாம். இறுதிச் சொல் அரண்மனைக்கும், அதற்கு மேலே அமர்ந்திருந்த ஆங்கிலேயருக்கும் உரியது. 1948 மார்ச் 3ஆம் நாள் அத்தனியரசு இந்தியாவோடு இணைந்தது. திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1974இல் தனி மாவட்டமாயிற்று.

மணியடிக்கச் சிறிது நேரமே இருந்தது. முதல் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாதவள், அவள் தாயும் ஏலத்தோட்ட ஜீப்பில் செல்பவள். கேட்டாள்:

"அந்த நாட்டுல பொம்பளைங்களுக்கும் ஓட்டு உண்டா சார்?"

கோட்டையைச் சொன்னேன், சிகரத்தைச் சொன்னேன், இளவரசரின் உரிமையைச் சொன்னேன். மக்களில் பாதியைச் சொல்ல மறந்தேன்! சொல்லத் தெரியாமலன்று, சொல்லத் தோன்றாமல். இப்போது சொன்னேன். 1971இல் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று அங்கே கேட்டார்கள். யாரைக் கேட்டார்கள்? ஆண்களை. வேண்டாம் என்றனர். 1973இல் மீண்டும் கேட்டார்கள். மீண்டும் வேண்டாம் என்றனர். 1984இல் மூன்றாம் முறை கேட்டபோது, நூற்றுக்கு 51 பேர் சற்றே மனமிரங்கிச் சரி என்றனர். 1986இல்தான் அந்நாட்டுப் பெண்கள் மன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

வகுப்பில் அமைதி. புதுக்கோட்டைச் சீமையில் களை பறித்த பெண், 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலேயே ஆணுக்கு நிகராக வாக்களித்தவள்! வாடுஸ் நகரத்துச் சீமாட்டியைவிட முப்பத்து நான்கு ஆண்டுகள் முந்தியவள்! எனக்கும் பெருமிதம் பொங்கிற்று. அந்தப் பொங்கலிலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வரலாற்றையும் சொன்னேன். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் கொடுமையை அறிந்த குலத்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது, கல்லூரித் தலைவரும் பெற்றோர் சிலரும் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளி இடம் கொடுத்தார். அந்த மாணவி 1912இல் மருத்துவரானார். சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947இல் அதற்குச் சட்டம் முழுமையாய் வந்தது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார்.

மாணவி மீண்டும் கேட்டாள்: "ராசா வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன சார் ஆகியிருக்கும்?"

மணி அடித்தது. விடை சொல்லாமலே வகுப்பைவிட்டு வெளியேறினேன்.

மறுவாரம் தெரிந்தது, அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று. தேர்வு முடிந்ததும் அவளைப் படிப்பை நிறுத்தித் தோட்டவேலைக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அன்று மாலை அவள் வீட்டுக்குச் சென்றேன். அவளுடைய தந்தை நல்லவர், திண்ணையில் பாய் விரித்து அமரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார்.

"வாத்தியாரய்யா, நான் என்ன படிக்க வைக்காமலா விட்டுட்டேன்? பொட்டப்புள்ளையப் பத்து வரைக்கும் விட்டதே பெருசு. இனி அவ தம்பியப் பாக்கணும்ல?"

'விட்டதே பெருசு!' அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனெனில், அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன், எங்கள் வீட்டுத் திண்ணையில், என் தந்தையின் வாயிலிருந்து. ஆண்டு 2006. அக்காளுக்கு வயது பதின்மூன்று. எனக்கு ஒன்பது. 'இனி அவ தம்பியப் பாக்கணும்.' பார்த்தாள். அவள் ஏலக்காய் பறித்த கூலி என் கல்லூரிக் கட்டணமாயிற்று. சட்டையாயிற்று. பட்டமாயிற்று.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். எங்கள் வீடும் ஒரு குறுநாடுதான். நாற்புறமும் சுவர், கடல் காணாத நாடு. அதற்கும் ஓர் இளவரசன் இருந்தான். அவன் கோட்டையை விலைக்கு வாங்கியவள் அவனுடைய அக்காள். அவளைப் படிப்பிலிருந்து நிறுத்தலாமா என்று அந்நாட்டில் வாக்கெடுப்பு நடந்தபோது, அவளை யாரும் கேட்கவில்லை. ஒன்பது வயதுச் சிறுவனைக் குற்றம் சொல்ல முடியாது என்பீர்கள். ஒப்புகிறேன். ஆனால் அவன் பத்தொன்பது வயதானான், இருபத்தைந்தும் ஆனான். அப்போதும் கேட்கவில்லையே! வியன்னாவிலேயே இருந்துகொண்டு வாடுஸை எட்டிப் பாராத இளவரசர்களைப் பற்றி வகுப்பில் எள்ளி நகையாடினேன். நான் மட்டும் யார்?

மாணவியின் கேள்விக்கு இப்போது விடை சொல்ல முடியும். ராசா வேண்டாம் என்றிருந்தால், கதவு மூடியிருக்கும். ராசா திறந்த கதவு அது. நல்ல மனம் திறந்த கதவு. நல்ல மனம் மாறினால், அல்லது மன்னரே மாறினால், மூடிக்கொள்ளும். அந்த மன்னரே பின்னர் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்து, மகனுக்கு அரசுரிமை கிட்டாத நிலையில் அயல்நாட்டில் வாழ்ந்து, 1928இல் பாரிசில் மறைந்தார். ஒருத்திக்கு ஒருவர் அளிப்பது சலுகை. எல்லோருக்கும் சட்டம் அளிப்பது உரிமை. முத்துலட்சுமி அம்மையார் சலுகையால் உள்ளே நுழைந்தார்; நுழைந்தவர் பிற பெண்களுக்காகச் சட்டத்தைக் கேட்டார். அதுதான் அவருடைய பெருமை.

இன்று ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை; 2009இல் இயற்றிய சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. என் அக்காளுக்கு அது நான்காண்டுகள் பிந்தி வந்தது. பதினான்குக்குப் பின்னரோ, இன்னும் திண்ணையில்தான் தீர்ப்பு. அந்தத் தந்தையிடம் இதையெல்லாம் நான் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. என் கதையைச் சொன்னேன். "உங்கள் மகன் படித்து வாத்தியாரானாலும் ஒருநாள் இப்படித் தலைகுனிய நேரும், ஐயா" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். உள்ளே பாத்திரம் கழுவும் ஓசை நின்றிருந்தது, யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரவு அக்காளின் வீட்டுக்குச் சென்றேன். அடுத்த தெருதான். ஏலத்தின் மணம் இன்னும் அவள் கைகளில் இருந்தது. வாடுஸ் கதையைச் சொன்னேன். இருமுறை வேண்டாம் என்ற ஆண்களின் கதையைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"அதுவரைக்கும் அங்கிட்டு இருந்த பொம்பளைக சும்மாவா இருந்தாக?"

இல்லை அக்கா என்றேன். 1981இல் பெண்கள் சிலர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். கதையில் வரும் உறங்கும் அழகியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அரசகுமாரன் வந்து எழுப்பட்டும் என்று காத்திராமல், 1983இல் ஸ்ட்ராஸ்பர்க் வரை சென்று ஐரோப்பிய அவையிடம் முறையிட்டார்கள். அடுத்த ஆண்டுதான் மூன்றாவது வாக்கெடுப்பு.

அக்காள் சற்று நேரம் அடுப்பையே பார்த்திருந்தாள்.

"பத்தாங் கிளாஸ் பொஸ்தகம் பழசு ஒண்ணு கெடச்சாக் கொண்டாடா தம்பி. தனியா எழுதலாமாமுல்ல? எங்கூட ஜீப்புல வர்றவ சொன்னா."

எழுதலாம். எட்டாம் வகுப்பு முடித்தவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். பள்ளி ஆசிரியன் நான், எனக்குத் தெரியும். பதினெட்டு ஆண்டுகளாய் அவளிடம் சொல்லாமல் இருந்தவனும் நானே.

புத்தகம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். நிலநூல் பாடத்தை நானே நடத்துகிறேன். இதில் நான் செய்யும் உதவி என்று ஒன்றும் இல்லை. கடன் அடைக்கிறேன், அவ்வளவே. உங்கள் வீட்டுக் குறுநாட்டிலும் ஓர் இளவரசன் இருப்பான். திண்ணையில் தீர்ப்பு நடக்கும்போது, அவனை ஒருமுறை எழுந்து கேட்கச் சொல்லுங்கள்: அவளைக் கேட்டீர்களா?