ஒன்றுசேருவார்களா?

இசையமைப்பாளர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் திரும்பவும் ஒன்றுசேரப் போகிறார்கள் என்ற பேச்சு எழுபதுகளில் வடசென்னையின் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் ஓயாமல் உலவியது. சிறுவனாக சலூன் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். இருவரும் ஒரே காரில் வந்து ஸ்டுடியோவில் இறங்கினார்களாம், கூடப் போனவரே சொன்னாராம். “அடுத்த மாசம் பேசும் படம் வரட்டும், தெரிஞ்சிடும்” என்பார்கள். அந்த சினிமா இதழ் வரும், செய்தி இருக்காது. பேச்சு மட்டும் நிற்காது.

எங்கள் பக்கத்துக்கு அந்த இரட்டையர் மேல் தனிப் பிடிப்பு உண்டு. 1964 தீபாவளிக்கு வந்த ‘படகோட்டி’ மீனவர் கதை. வாலியின் பாட்டுகளுக்கு அவர்கள் போட்ட மெட்டுகள் குப்பத்துக் கல்யாணமென்றால் குழாய் ஸ்பீக்கரில் விடிய விடிய ஒலிக்கும். மறு ஆண்டு ‘ஆயிரத்தில் ஒருவன்’. அதிலும் கடல்தான். அந்தப் படத்தோடு பிரிந்துவிட்டார்கள்.

1952-ல் அவர்களுடைய ஆசான் சி.ஆர். சுப்பராமன் இளவயதில் இறந்துபோக, அவர் விட்டுச்சென்ற வேலைகளை முடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள். அதே ஆண்டு ‘பணம்’ படத்தில் சேர்ந்து இசையமைத்தார்கள். ஆர்மோனியக்காரர் விஸ்வநாதன், திருச்சியிலிருந்து வந்த வயலின்காரர் ராமமூர்த்தி. ‘பாசமலர்’, ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’ எல்லாம் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் வந்தவை. பிரிந்த பிறகு எம்.எஸ்.வி. என்ற விஸ்வநாதன் நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார். ராமமூர்த்திக்கு வாய்த்தவை மிகக் குறைவு. அதை வைத்து அவர் பங்கைச் சிறிதாகப் பேசுகிறவர்கள் ‘தேன் மழை’யையும் ‘நான்’ படத்தையும் ஒருமுறை பொறுமையாகக் கேட்க வேண்டும். எனக்கு அந்த வயலின்கள் போதும்.

எண்ணூர் லேலண்டில் வேலை பார்த்த என் தாய்மாமா ‘பேசும் படம்’, ‘பொம்மை’ இரண்டையும் ஆண்டுவாரியாகச் சணல் கயிற்றில் கட்டிப் பரணில் வைத்திருந்தார். விட்டுப்போன இதழ்களை மூர் மார்க்கெட்டில் தேடி வாங்குவார். 1985-ல் அந்த மார்க்கெட் எரிந்த செய்தி கேட்டு அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிட்டார். பாடல் பதிவுப் படங்கள் வந்த பக்கங்களை மட்டும் அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை.

பிரிந்தவர்கள் சேர மாட்டார்களா என்ற இதே ஏக்கம் கடலுக்கு அந்தப் பக்கமும் இருந்தது. 1970-ல் பிரிந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வரும் ஒரே ஒரு கச்சேரிக்குச் சேர்ந்தால் 23 கோடி டாலர் கிடைக்க வழி உண்டு என்று 1976-ல் கச்சேரி அமைப்பாளர் சிட் பெர்ன்ஸ்டைன் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, டிசம்பர் 8 அன்று, நால்வரில் ஒருவரான ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுப்போன ஒலிநாடாவில் மற்ற மூவரும் தங்கள் குரலையும் வாத்தியத்தையும் சேர்த்து ஒரு பாட்டை வெளியிட்டது 1995-ல்.

அதே 1995-ல்தான் ‘எங்கிருந்தோ வந்தான்’ வந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் டைட்டிலில் இரண்டு பெயரும் சேர்ந்து வந்தன. மாமா முதல் வாரமே போய்ப் பார்த்தார். ஆனால் பாட்டுகள் எங்கள் தெருவில் நிலைக்கவில்லை. அது அவர்கள் குற்றமில்லை. கவிஞர் கண்ணதாசன் போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கவிஞர் சொல்லச் சொல்ல மெட்டு பிறந்த, டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் காத்திருந்த, வாத்தியக்காரர்கள் நிறைந்திருந்த அந்த அறை முழுவதும் திரும்பி வர வேண்டும் என்றல்லவா சலூனில் ஆசைப்பட்டார்கள்! இருவர் கைகோத்தால் மட்டும் அது எப்படி நடக்கும்? ராமமூர்த்தி 2013-லும் எம்.எஸ்.வி. 2015-லும் மறைந்தார்கள்.

அந்த அறை இன்று பழைய இதழ்களின் படங்களில்தான் மிச்சமிருக்கிறது. பின்வரிசையில் நின்ற வாத்தியக்காரர்களின் முகங்களை வேறெங்கே பார்ப்பது? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தபோது எத்தனை பரண்கள் காலியாயினவோ. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உங்கள் வீட்டில் தாத்தாவின் கட்டு ஒன்று கிடந்தால், கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.