அருவிப் பாதையில் ஒரு பழைய சேம்பு வயல்

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். விடுப்பில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, மருமகன் எங்களை ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாய்க்கு அழைத்துப் போனார். அங்கே கருங்கல்லில் எழுப்பிய சிவன் கோயில் இருக்கிறது. என் மனைவிக்கு அதுதான் முக்கியம். எனக்கு மனதில் நின்றது மறுநாள் நடந்த நடை.

தீவின் வடக்குக் கரையில் சாலை முடியும் இடத்தில் கேயே கடற்கரை. அங்கிருந்து மலைச்சரிவில் கடலை ஒட்டியே ஒற்றையடிப் பாதை போகிறது. முழுப் பாதை 11 மைல். முதல் 2 மைலில் ஹனகாப்பியாய் என்ற தனித்த கடற்கரை, அங்கிருந்து உள்ளே 2 மைல் ஏறினால் அருவி. போக வர 13 கிலோமீட்டர். முன்பதிவு இல்லாமல் வெளியூர்க்காரர்கள் உள்ளே போக முடியாது. ஒரு நாளைக்கு 900 பேர்தான்.

தீவில் எங்கு பார்த்தாலும் கோழிகள். யாருடையது என்று கேட்டேன், யாருடையதும் இல்லையாம். 1883-இல் கரும்புத் தோட்டக்காரர்கள் எலியை ஒழிக்க ஹவாய்க்குக் கீரிப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். எலி இரவில் திரியும், கீரி பகலில் வேட்டையாடும். எலி ஒழியவில்லை, தரையில் கூடு கட்டும் பறவைகள்தான் அழிந்தன. கவாயில் கீரி குடியேறவில்லை. அதனால் கோழிக்கு அங்கே ராஜ்ஜியம். பூச்சியைத் தின்ன இன்னொரு பூச்சியை விடலாமா என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

பாதை ஏற்றமும் இறக்கமும் சேறுமாக இருந்தது. ஒருபக்கம் தாழை, இன்னொரு பக்கம் கொய்யாவும் நாவலும். நாம் ஒட்டுக்கட்டி, கவாத்து செய்து வளர்க்கும் கொய்யா அங்கே களை! நாவலும் அப்படியே. இரண்டும் வெளியிலிருந்து வந்து காட்டையே பிடித்துக்கொண்டவை. கீழே கடல் நல்ல நீலம். மனைவிக்கு மூட்டுவலி என்பதால் நின்று நின்றுதான் நடந்தோம்.

கடற்கரைக்கு முன்னால் ஒரு ஓடை குறுக்கிடுகிறது. கடலில் இறங்காதீர்கள், அலை இழுத்துவிடும் என்று எச்சரிக்கைப் பலகை. குளிர்காலத்தில் பேரலைகள் மணலை வாரிக்கொண்டு போய், வெறும் பாறைதான் மிஞ்சுமாம். ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும் என்றும் எச்சரிக்கிறார்கள். காலில் புண்ணோடு நெல்வயலில் இறங்குகிற நமக்குத் தெரிந்த அதே நோய்தான். மனைவியும் மகளும் இக்கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கணுக்கால் தண்ணீரில் கல் மேல் கால் வைத்து நானும் மருமகனும் கடந்தோம்.

பள்ளத்தாக்கில் சிறிது தூரம் போனதும் மரங்களுக்குள் கல் கட்டுகள் தெரிந்தன. சிமெண்ட் இல்லை, மண்கூட இல்லை. கல்லின் மேல் கல்லாக அடுக்கி, படிப்படியாக இறங்கும் வரப்புகள். பார்த்ததுமே வயல் என்று தெரிந்துவிட்டது. ஹவாய் மக்கள் சேம்பு பயிரிட்ட பாத்திகள் அவை; ‘லோயி’ என்பார்கள். ஓடையின் மேற்பகுதியில் வாய்க்கால் வெட்டி, மேல் பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மடை விட்டு, கடைசித் தண்ணீரை மறுபடி ஓடையிலேயே சேர்த்துவிடுவார்கள். குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். தேங்கிச் சூடேறினால் கிழங்கு அழுகிவிடும். கிழங்கை வேகவைத்து இடித்து நீர்விட்டுப் பிசைந்தால் அவர்களுடைய கூழ். நாம் கம்மங்கூழைப் புளிக்கவிடுவதுபோல அதையும் புளிக்கவிட்டுச் சாப்பிடுவது உண்டு. 1778-இல் ஐரோப்பியர் வந்தபின் பரவிய நோய்களில் அந்த மக்கள் பெரும்பகுதி மாண்டார்கள். பின்னால் இதே பள்ளத்தாக்கில் காப்பி பயிரிட்டுப் பார்த்தார்கள். அந்தக் காப்பி ஆலையின் புகைபோக்கி மட்டும் மிச்சம் நிற்கிறது. ஒரு கல் வரப்பின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஒரு கல்கூட அசையவில்லை. பாத்திக்குள் கொய்யா முளைத்திருந்தது.

அருவி 300 அடி உயரம். குற்றாலத்தில் நிற்பதுபோல அடியில் போய் நிற்கக் கூடாது, மேலிருந்து கல் விழும். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே தூறல் போட்டது. ‘கிளம்பலாம் மாப்ள’ என்றேன்.

வழியில் தூறல் நின்றுவிட்டது. மருமகனுக்கு நிம்மதி, எனக்கு இல்லை. இந்தத் தீவின் நடுமலையில் ஆண்டுக்கு 9,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேலே கொட்டுவது கீழே இருப்பவனுக்குத் தெரியாது. 2018 ஏப்ரலில் இதே வடகரையில் ஒரே நாளில் 1,262 மில்லிமீட்டர் பெய்தது. நம் தமிழ்நாட்டுக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதைவிட அதிகம்! சாலை சரிந்து, பாதையை 2019 ஜூன் வரை மூடிவைத்தார்கள்.

கடைசி ஓடைக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருக்கும். ஆனால் நிறம் கலங்கியிருந்தது, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது.

‘வாங்க மாமா, முழங்கால் அளவுதானே. ரெண்டு நிமிஷம்.’

‘இல்ல மாப்ள, கொஞ்சம் இருங்க.’

அவருக்குக் கோபம்தான், சொல்லவில்லை. எதிர்க்கரையில் மனைவி எழுந்து நின்றிருந்தாள். என்னவோ கத்தினாள், தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. பிறகு உள்ளங்கையைக் கீழே காட்டி அழுத்தினாள்: உட்காருங்கள் என்று. அவளும் ஆற்றங்கரை ஊர்க்காரிதான். கால் மணி நேரத்தில், காலையில் நாங்கள் கால் வைத்த கற்கள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 2014 ஏப்ரலில் இதே ஓடை பெருகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இரவு முழுக்க மாட்டிக்கொண்டார்கள் என்று பக்கத்தில் காத்திருந்த உள்ளூர்க்காரர் சொன்னார். பிறகு மருமகன் பேசவில்லை.

கரையோரக் கல் ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கல் முழுதாக வெளியே வந்து, தண்ணீர் தெளிந்த பிறகு, கையில் ஆளுக்கொரு கம்போடு ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம். மனைவி தயிர்சாதப் பொட்டலத்தை நீட்டி, ‘ஆறிப்போச்சு’ என்றாள். தயிர்சாதம் எப்படி ஆறும் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.